எப்போதிலிருந்து எண்ணுவது? பெருங்குடல் புண் நோயும் கொலனோஸ்கோப்பி இடைவெளியும்

கொடைரோட்டில் பஸ் ஏறினால் வடக்கே திண்டுக்கல், தெற்கே மதுரை. குடல் நோய்க்குச் சிறப்பு மருத்துவரைப் பார்க்க வேண்டுமென்றால் இந்த ஊர்க்காரரும், அம்மையநாயக்கனூர், நிலக்கோட்டைக்காரரும் பெரும்பாலும் இந்த இரண்டு திசையில் ஒன்றில்தான் போகிறார்கள். ‘அல்சரேட்டிவ் கோலைட்டிஸ்’, அதாவது பெருங்குடல் புண் நோய், என்று சீட்டில் எழுதி வாங்கியவருக்கு அந்தப் பயணம் ஒரு தடவையோடு முடிவதில்லை. மருந்துக்குப் போக வேண்டும், ரத்தப் பரிசோதனைக்குப் போக வேண்டும், சில ஆண்டுகளுக்கு ஒருமுறை, பெருங்குடலுக்குள் கேமராக் குழாய் விட்டுப் பார்க்கும் கொலனோஸ்கோப்பிக்கும் போக வேண்டும். முதல் இரண்டைப் பற்றி வீட்டில் யாரும் தர்க்கம் செய்வதில்லை. மூன்றாவது வரும்போதுதான் பேச்சு எழுகிறது. போன வருஷம்தானே கேமரா விட்டுப் பார்த்தார்கள், மறுபடியும் எதற்கு? உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது, இன்னும் எத்தனை தடவை? ஒரு மருத்துவர் ஆண்டுதோறும் என்கிறார், இன்னொருவர் மூன்று ஆண்டு போகட்டும் என்கிறார், மற்றொருவர் தொந்தரவு இருந்தால் வாருங்கள் என்று அனுப்பிவிடுகிறார். மூவரில் யார் சரி என்ற கேள்வியே இந்தக் கட்டுரையின் பொருள். எல்லோருக்கும் பொருந்தும் ஒற்றை எண் கிடையாது. ஆனால் ஒவ்வொருவருக்கும் அவரவர் எண்ணைக் கண்டுபிடிக்க ஒரு கணக்குமுறை இருக்கிறது. அந்தக் கணக்கின் முதல் வரி, நோய் எப்போது தொடங்கியது என்பது. நம் பக்கத்தில் அதிகமாகத் தவறுவதும் அந்த முதல் வரிதான்.

நோயின் இயல்பை முதலில் பார்த்துவிடலாம். உடலின் எதிர்ப்பாற்றல் பெருங்குடலின் உட்சவ்வையே தாக்கிப் புண்ணாக்குகிறது. மலத்தோடு ரத்தமும் சளியும் போகும், அடக்க முடியாத அவசரத்தோடு பலமுறை போக வேண்டியிருக்கும், சில மாதம் அடங்கிக் கிடந்து மறுபடி கிளம்பும். 1859-ல் லண்டன் மருத்துவர் சாமுவேல் வில்க்ஸ் ‘அல்சரேட்டிவ் கோலைட்டிஸ்’ என்ற பெயரால் இதைக் குறிப்பிட்டார். ஜப்பானியப் பிரதமர் ஷின்சோ அபே 2020 ஆகஸ்டில் பதவி விலகல் அறிவித்தபோது சொன்ன காரணம் இந்த நோய் திரும்பியதுதான். இது மேலைநாட்டு நோய் என்ற எண்ணம் இந்தியாவில் நெடுங்காலம் இருந்தது. லூதியானா மருத்துவர்கள் பஞ்சாபில் வீடுவீடாகக் கணக்கெடுத்து 2003-ல் வெளியிட்ட ஆய்வு அந்த எண்ணத்தை உடைத்தது. லட்சம் பேருக்கு 44 பேரிடம் நோய் இருந்தது. பஞ்சாபின் வீதத்தை அப்படியே தமிழ்நாட்டுக்குத் தூக்கிவைக்க முடியாதென்றாலும், இதை இங்கே அபூர்வ நோய் என்று ஒதுக்கவும் முடியாது. இன்னொரு இயல்பும் நம் கேள்விக்கு முக்கியம். அழற்சி மலக்குடலில் தொடங்கி இடைவெளி விடாமல் மேல்நோக்கிப் படர்கிறது. சிலருக்கு மலக்குடலோடு நின்றுவிடும், சிலருக்கு இடப்பக்கக் குடல்வரை ஏறும், சிலருக்குப் பெருங்குடல் முழுவதையும் பிடிக்கும். எதுவரை ஏறியிருக்கிறது என்பதைப் பொறுத்தே பின்னால் வரும் எல்லாக் கணக்கும் மாறும்.

‘எத்தனை தடவை’ என்ற வாக்குவாதம் பாதிக்கு மேல் ஒரு குழப்பத்திலிருந்து பிறக்கிறது. இந்த நோயில் கொலனோஸ்கோப்பி இரண்டு வெவ்வேறு வேலைகளுக்காகச் செய்யப்படுகிறது. இரண்டையும் ஒன்றாகப் போட்டு எண்ணுகிறோம். முதல் வேலை, புண்ணைப் பார்ப்பது. நோய் இதுதானா என்று உறுதிசெய்ய, எதுவரை படர்ந்திருக்கிறது என்று அறிய, புதிய மருந்து தொடங்கிய சில மாதங்களில் சவ்வு ஆறியிருக்கிறதா என்று சரிபார்க்க, நன்றாக இருந்தவருக்குத் திடீரென்று நோய் கிளம்பினால் காரணம் தேட. இதற்குக் காலண்டர் கிடையாது, தேவைதான் கணக்கு. பல சமயம் முழுக் குடலையும் பார்க்க வேண்டியதுகூட இல்லை. கீழ்ப்பகுதியை மட்டும் பார்க்கும் சிக்மாய்டோஸ்கோப்பி போதும். நோய் கடுமையாகக் கொதிக்கும்போது முழுக் குழாயையும் உள்ளே செலுத்துவது ஆபத்து என்பதால் மருத்துவர்களே தவிர்ப்பார்கள். இரண்டாவது வேலை, புற்றுநோய்க்கு முந்தைய மாற்றத்தைத் தேடும் கண்காணிப்பு. இது நோய் அடங்கியிருக்கும்போது, தொந்தரவு எதுவும் இல்லாதபோது செய்யப்படுவது. ஆண்டுக் கணக்கு இதற்குத்தான். நோய் தொடங்கிய முதல் ஐந்து ஆண்டுகளில் நான்கு தடவை குழாய் விட்டுப் பார்த்த ஒருவர், தன் பங்கு முடிந்துவிட்டது என்று நினைத்து அடுத்த பத்து ஆண்டு வராமலிருந்தால், முதல் வேலைக்குச் செய்ததை இரண்டாம் வேலைக்கு வரவு வைத்துவிட்டார் என்று பொருள்.

இந்த நோய்க்கும் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பு நூறாண்டுப் பழைய சேதி. 1925-ல் நியூயார்க்கில் கிரோனும் ரோசன்பெர்கும் இந்த நோயாளி ஒருவருக்குக் குடலில் புற்று வந்ததைப் பதிவு செய்தார்கள். அன்றைக்கு அது பெரிய கவலையாக எழவில்லை, ஏனென்றால் கடுமையான தாக்குதலிலேயே பலர் இறந்துபோனார்கள். 1955-ல் மருத்துவர்கள் ட்ரூலவும் விட்ஸும் கார்ட்டிசோன் மருந்து அந்த மரணங்களைக் குறைப்பதை நிரூபித்த பிறகு, நோயோடு இருபது முப்பது ஆண்டு வாழ்கிறவர்கள் பெருகினார்கள். நீண்டகாலச் சிக்கலும் கண்ணில் பட்டது. 1967-ல் லண்டன் செயின்ட் மார்க்ஸ் மருத்துவமனையின் மார்சனும் பாங்கும் ஒரு முக்கியமான உண்மையைக் காட்டினார்கள். புற்று வருவதற்கு முன்பே சவ்வின் உயிரணுக்கள் ஒழுங்கு குலையத் தொடங்குகின்றன. சிறு சதைத்துணுக்கை எடுத்துப் பார்த்தால் அதைக் கண்டுபிடிக்கலாம். இந்த ஒழுங்குக் குலைவுக்கு டிஸ்ப்ளேசியா என்று பெயர். கண்காணிப்பு என்ற யோசனை முழுக்க இதன் மேல்தான் நிற்கிறது. சாதாரணமாகக் குடலில் வரும் புற்று பெரும்பாலும் காளான்போல் எழும்பும் பாலிப்பிலிருந்து வரும், அது கண்ணுக்குத் தெரியும். அழற்சியால் வரும் மாற்றமோ பல சமயம் தட்டையாக, ஆறிய புண்ணின் தழும்புகளுக்கு இடையே ஒளிந்திருக்கும். அது வலிக்காது, ரத்தம் விடாது. அதனால்தான் தொந்தரவு வந்தால் பார்க்கலாம் என்ற பொதுப்புத்தி இங்கே உதவாமல் போகிறது.

ஆபத்து எவ்வளவு? இந்தக் கேள்விக்கான பதில் கால் நூற்றாண்டாக மாறிக்கொண்டே வந்திருக்கிறது. 2001-ல் ஈடனும் சக ஆய்வாளர்களும் 116 ஆய்வுகளைத் திரட்டிச் சொன்ன கணக்கு இது: நோய் தொடங்கி 10 ஆண்டில் 2 சதவீதம் பேருக்கும், 20 ஆண்டில் 8 சதவீதம் பேருக்கும், 30 ஆண்டில் 18 சதவீதம் பேருக்கும் பெருங்குடல் புற்று. ஐந்தில் ஒருவருக்குக் கிட்டத்தட்ட வரும் என்ற அந்தப் பயம் ஒரு தலைமுறை மருத்துவர்களின் கையில் குழாயைக் கொடுத்தது. பிறகு வந்த எண்கள் இறங்கின. செயின்ட் மார்க்ஸ் மருத்துவமனையின் 40 ஆண்டுக் கண்காணிப்புப் பதிவை 2015-ல் அலசியபோது 20 ஆண்டில் 2.9, 30 ஆண்டில் 6.7, 40 ஆண்டில் 10 சதவீதம் என்று வந்தது. 2012-ல் டென்மார்க்கின் தேசியப் பதிவேடு இன்னும் ஒரு படி கீழே போனது. மொத்தமாகப் பார்த்தால் இந்த நோயாளிகளின் ஆபத்து பொதுமக்களின் ஆபத்தைவிட அதிகமில்லை, ஆனால் சிறு வயதில் நோய் வந்தவர், நீண்டகாலம் நோயோடு இருப்பவர், பித்தக்குழாய் சுருங்கும் நோயும் சேர்ந்தவர் ஆகியோருக்கு அதிகம் என்றது. டென்மார்க், ஸ்வீடன் இரண்டையும் சேர்த்து 96,447 நோயாளிகளைப் பார்த்து 2020-ல் லான்செட் இதழில் வந்த ஆய்வோ புற்று வரும் வீதம் 1.66 மடங்கு, அதனால் இறக்கும் வீதம் 1.59 மடங்கு என்றது. இந்த எண்கள் ஒன்றையொன்று மறுப்பவைபோல் தோன்றும். சேர்த்து வைத்துப் பார்த்தால் ஒரே திசையைக் காட்டுகின்றன. நல்ல மருந்துகளும் கண்காணிப்பும் வந்தபின் சராசரி ஆபத்து குறைந்திருக்கிறது; மிச்சமிருக்கும் ஆபத்து எல்லோர் மேலும் சமமாக விழாமல் சிலர் மேல் குவிந்திருக்கிறது.

இதெல்லாம் வெள்ளைக்காரர் கணக்கு, நம் உணவும் உடம்பும் வேறு, இந்தியாவில் பெருங்குடல் புற்றே குறைவுதானே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி, பொதுமக்களிடையே இந்தப் புற்று இங்கே குறைவு என்பதும் உண்மை. ஆனால் இந்த நோயில் புற்றைக் கொண்டுவருவது ஆண்டுக்கணக்கில் ஆறாமல் எரியும் அழற்சி. உணவுப் பழக்கம் மட்டும் அதைத் தடுத்துவிடும் என்று சொல்ல ஆதாரமில்லை. வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் 532 நோயாளிகளின் பதிவுகளை ஆராய்ந்து 2005-ல் வெளியிட்டார்கள். ஐந்து பேருக்குப் புற்று வந்திருந்தது. நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவு என்று ஆறுதல் கொள்ளலாம். ஆனால் அந்த ஆபத்து நோய் நீடிக்க நீடிக்க ஏறியது. டெல்லி எய்ம்ஸ் குழுவினர் ஆசிய நாடுகளின் 44 ஆய்வுகளை, 31,287 நோயாளிகளின் விவரங்களைத் திரட்டி 2017-ல் வெளியிட்ட கணக்கு இன்னும் தெளிவானது: 10 ஆண்டில் 0.02 சதவீதம், 20 ஆண்டில் 4.81, 30 ஆண்டில் 13.91. பெரிய மருத்துவமனைகளுக்கு வரும் கடுமையான நோயாளிகளை வைத்துப் போட்ட கணக்கு என்பதால் கடைசி எண் கொஞ்சம் ஊதியிருக்கக்கூடும். அப்படியே கழித்துக்கொண்டாலும் வளைகோட்டின் வடிவம் மாறுவதில்லை. முதல் பத்து ஆண்டில் ஏறக்குறையத் தட்டை, அதற்குப் பிறகு ஏற்றம். ஆசிய உடம்புக்குத் தனிச் சலுகை எதுவும் அதில் தெரியவில்லை.

அந்த வடிவத்திலிருந்துதான் இன்றைய விதிகள் பிறந்தன. ஐரோப்பிய, பிரிட்டிஷ், அமெரிக்கச் சங்கங்களின் வழிகாட்டுதல்கள் சில்லறை விஷயங்களில் வேறுபட்டாலும் எலும்புக்கூடு ஒன்றுதான். நோய்க்குறி தொடங்கி ஏறக்குறைய எட்டு ஆண்டு ஆனதும், எல்லோருக்கும் ஒரு முழுக் கொலனோஸ்கோப்பி. அதில் நோய் எதுவரை போயிருக்கிறது என்று மறுபடி அளக்கப்படும். மலக்குடலோடு நின்றவருக்குத் தனிக் கண்காணிப்பு தேவையில்லை; மற்றவர்கள் மூன்று வரிசையாகப் பிரிக்கப்படுகிறார்கள். கடந்த ஐந்து ஆண்டில் டிஸ்ப்ளேசியா காணப்பட்டவர், குடலில் சுருக்கம் விழுந்தவர், முழுக் குடலிலும் கடும் அழற்சி உள்ளவர், பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகளில் ஒருவருக்கு 50 வயதுக்குள் குடல் புற்று வந்தவர் ஆகியோர் ஆண்டுதோறும். குடல் முழுதும் நோய் இருந்தாலும் அழற்சி மிதமாக இருப்பவர், நெருங்கிய உறவினருக்கு 50 வயதுக்குப் பின் புற்று வந்தவர் இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை. மீதிப் பேர் ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை. எட்டு ஆண்டு விதிக்கு ஒரு பெரிய விலக்கு உண்டு. பித்தக்குழாய்கள் அழற்சியால் சுருங்கும் நோய், மருத்துவர்கள் சுருக்கமாக ‘பிஎஸ்சி’ என்பது, சேர்ந்திருந்தால் அது தெரிந்த நாளிலிருந்தே ஆண்டுதோறும். கல்லீரல் ரத்தப் பரிசோதனையில் ‘அல்கலைன் பாஸ்பேட்டேஸ்’ தொடர்ந்து ஏறியிருப்பது அதற்கான முதல் தடயம். செலவு குறைந்த அந்த ஒரு பரிசோதனை, குழாய்ப் பரிசோதனையின் கால அட்டவணையையே மாற்றிவிடக் கூடும். ஆரம்பத்தில் சொன்ன மூன்று மருத்துவர்களில் முதல் இருவரும் அவரவர் நோயாளிக்குச் சரியானதையே சொல்லியிருக்கலாம். மூன்றாமவர் சொன்னது மலக்குடலோடு நின்ற நோய்க்கு மட்டுமே பொருந்தும்.

இப்போது முதல் வரிக்கு வருவோம். எட்டு ஆண்டு என்பது எப்போதிலிருந்து? நோய்க்குறி தொடங்கிய நாளிலிருந்து என்றுதான் விதி சொல்கிறது. நோய்க்குப் பெயர் வைத்த நாளிலிருந்து அல்ல. மேலைநாடுகளில் இந்த இரண்டுக்கும் இடைவெளி பெரும்பாலும் மாதங்களில் இருக்கும். நம் ஊரில்? மலத்தில் ரத்தம் போனால் முதலில் வரும் பெயர் மூலம். மூலத்துக்கு மருந்துக்கடையில் மாத்திரை, சித்த வைத்தியம், ‘ஊசி போட்டு மூலம் போக்கும்’ தட்டிபோர்டு, எல்லாம் கடந்துபோகும். சளியும் வயிற்றுப்போக்கும் சேர்ந்தால் சீதபேதி என்று மெட்ரோனிடசோல். அமீபாவால் வரும் குடல் புண்ணும் இதே முகத்தோடுதான் வரும் என்பதால் மருத்துவரே தடுமாறுவதும் உண்டு. கொஞ்ச நாள் அடங்கியதும், உடம்புச் சூடு, மோர் குடித்தேன் சரியாயிற்று என்று மறந்துவிடுவார்கள். அடங்குவதும் கிளம்புவதும் இந்த நோயின் இயல்பே என்பது தெரிய நியாயமில்லை. பெண்கள் விஷயத்தில் வெட்கம் இன்னும் சில ஆண்டுகளைக் கூட்டும். ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒருவருக்கு 2014-ல் முதன்முதலாக ரத்தம் போயிற்று, 2019-ல் கொலனோஸ்கோப்பி செய்து நோயின் பெயர் தெரிந்தது என்று வைத்துக்கொள்வோம். கோப்பில் இருப்பது 2019 மட்டும். அதிலிருந்து எண்ணினால் முதல் கண்காணிப்பு 2027. உண்மையான கணக்கில் அது 2022-லேயே நடந்திருக்க வேண்டும். நோய் அதே, விதி அதே. தொடக்க ஆண்டை மாற்றிப் போட்டதில் ஐந்து ஆண்டு காணாமல் போயிற்று, அதுவும் வளைகோடு ஏறத் தொடங்கும் இடத்தில். ஆகவே மருத்துவர் முதலில் கேட்க வேண்டியதும் நோயாளி யோசித்துச் சொல்ல வேண்டியதும் இதுதான்: முதன்முதலில் ரத்தமும் சளியுமாகப் போனது எந்த வருஷம்? தேதி நினைவில்லாவிட்டால், கல்யாணத்துக்கு முன்னாலா பின்னாலா, மூத்த பிள்ளை எந்த வகுப்பு என்று கேட்டால் ஆண்டு வந்துவிடும்.

இந்தக் கண்காணிப்பு முறைக்கே எதிரான வாதங்களும் உண்டு. அவற்றில் கனமானது, கண்காணிப்பு உயிரைக் காக்கிறது என்று சீட்டுக் குலுக்கிப் பிரித்த சோதனை எதுவும் நிரூபிக்கவில்லை என்பது. உண்மைதான். பாதிப் பேரைக் கண்காணித்து மீதிப் பேரை இருபது ஆண்டு விட்டுவைத்துப் பார்க்கும் சோதனையை இனி யாரும் நடத்தப்போவதுமில்லை. கையில் இருப்பவை, நடந்ததைப் பின்னோக்கிப் பார்த்த ஆய்வுகள் மட்டும். அவற்றைத் திரட்டி 2017-ல் காக்ரேன் அமைப்பு வெளியிட்ட மதிப்பீட்டின்படி, புற்று வந்தவர்களில் அதனால் இறந்தோர் கண்காணிப்பில் இருந்தவரிடையே நூற்றுக்கு 8.5, இல்லாதவரிடையே 22.3. வித்தியாசம் பெரிது, ஆனால் அதை முழுதாக நம்பவும் கூடாது. ஒழுங்காகப் பரிசோதனைக்கு வருகிறவர் மருந்தையும் ஒழுங்காகச் சாப்பிடுகிறவராக இருப்பார். முன்கூட்டியே கண்டுபிடித்தால், அதே நாளில் இறந்தாலும் நோயோடு அதிக நாள் வாழ்ந்ததுபோல் கணக்கில் தோன்றும். காக்ரேன் அமைப்பே இந்த ஆதாரத்தின் தரத்தைத் தாழ்வாகவே மதிப்பிட்டது. இதிலிருந்து கண்காணிப்பே வேண்டாம் என்ற முடிவுக்குப் போக முடியாது. ஆதாரம் இந்த அளவுதான் என்றால், குறைந்த ஆபத்து உள்ளவரை ஆண்டுதோறும் இழுக்க யாருக்கும் உரிமையில்லை, அதிக ஆபத்து உள்ளவரை விட்டுவிடவும் காரணமில்லை என்பதே நியாயமான முடிவு. மூன்று வரிசை விதி செய்வதும் இதைத்தான்.

இரண்டாவது வாதம் நோயாளியின் பக்கத்திலிருந்து வருவது: மருந்து ஒத்துக்கொண்டது, ரத்தம் நின்று மூன்று வருஷமாயிற்று, மலப் பரிசோதனையும் நன்றாக வந்தது, பிறகு எதற்குக் குழாய்? இதில் பாதி உண்மை. சவ்வு ஆறியிருப்பது ஆபத்தை நிஜமாகவே குறைக்கிறது. நுண்ணோக்கியில் தெரியும் அழற்சி கூடக்கூட டிஸ்ப்ளேசியாவும் புற்றும் கூடுகின்றன என்று செயின்ட் மார்க்ஸ் ஆய்வாளர்கள் 2004-ல் காட்டினார்கள். ஆகவே அழற்சியை அடக்கும் மெசாலமின் மருந்தை நிறுத்தாமல் சாப்பிடுவதே ஒருவர் தன் இடைவெளியை நீட்டிக்கொள்ளும் நேர்வழி. தொடர்ந்து செய்த பரிசோதனைகள் சுத்தமாக இருந்து, குடலும் ஆறியிருந்தால் ஐந்து ஆண்டுவரை தள்ளலாம் என்று அமெரிக்கச் சங்கமும் 2021-ல் ஒப்புக்கொண்டது. மீதிப் பாதியில்தான் தவறு. மலத்தில் பார்க்கும் கால்ப்ரொடெக்டின் அழற்சியை அளக்கும் கருவி; நோய் கிளம்புகிறதா அடங்குகிறதா என்று அறியப் பல கொலனோஸ்கோப்பிகளை அது மிச்சப்படுத்தும். முதல் வேலைக்கு அது நல்ல மாற்று. டிஸ்ப்ளேசியாவை அது அளப்பதில்லை. மலத்தில் மறைந்திருக்கும் ரத்தத்தைப் பார்க்கும் பரிசோதனையும் இங்கே கைகொடுக்காது, ஏனென்றால் ரத்தம் விடுவதே இந்த நோயின் தொழில். இன்றைக்குள்ள எந்த மலப் பரிசோதனையும் இரண்டாம் வேலைக்குக் குழாயின் இடத்தில் வந்து நிற்க முடியாது.

இடைவெளியைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் விட்டுவிடுவது, பரிசோதனையின் தரம். குடல் சரியாகச் சுத்தமாகாமல் ஆண்டுதோறும் பார்ப்பதைவிட, சுத்தமான குடலை மூன்று ஆண்டுக்கு ஒருமுறை நிதானமாகப் பார்ப்பது மேல். பழைய முறை, பத்து சென்டிமீட்டருக்கு நான்கு இடத்தில் என்று முப்பதுக்கு மேற்பட்ட துணுக்குகளைக் கண்மூடித்தனமாக எடுப்பது. 2015-ல் வந்த ‘சீனிக்’ என்ற பன்னாட்டு உடன்பாட்டுக்குப் பிறகு, துல்லியமான கேமராவோடு இண்டிகோ கார்மைன் அல்லது மெத்திலின் நீலச் சாயத்தைச் சவ்வின் மேல் தெளித்து, சந்தேகமான இடத்தைக் கண்டுபிடித்து எடுக்கும் முறை மேலோங்கியது. நீலம் பள்ளங்களில் தேங்கி, தட்டையான மாற்றத்தின் விளிம்பைக் கோடு போட்டுக் காட்டும். ஆனால் சாயமும் கேமராவும் சுத்தமான குடலில்தான் வேலை செய்யும், அந்தச் சுத்தம் வீட்டில் நடப்பது. கொடைரோட்டுப் பக்கம் திராட்சைக் கொடி படர்ந்த பூமி. சீசனில் சாலையோரக் கூடைகளில் கருந்திராட்சையும் கொய்யாவும் குவிந்திருக்கும். பரிசோதனைக்கு முந்தைய நாட்களில் தள்ளிவைக்க வேண்டியவையும் இவைதான். விதைகள் குடல் மடிப்பில் தங்கி, உறிஞ்சும் குழலை அடைத்துவிடும். கருந்திராட்சைச் சாறு சவ்வில் படிந்தால் ரத்தம்போலத் தோன்றும். பிறகு பேதிக் கரைசல். பாதியை முந்தைய மாலையிலும், மீதியைப் பரிசோதனைக்கு நான்கு முதல் ஆறு மணி நேரம் முன்னதாகவும் குடிக்க வேண்டும். மதுரையில் காலை பத்து மணிக்குப் பரிசோதனை என்றால் இரண்டாம் பாதி விடியற்காலை ஐந்து மணிக்கு. அதைக் குடித்துவிட்டுக் கழிப்பறை இல்லாத பஸ்ஸில் நாற்பது கிலோமீட்டர் போக முடியாது. அதனால் பலர் இரண்டாம் பாதியைக் குடிக்காமலே போகிறார்கள், குடல் சரியாகச் சுத்தமாகவில்லை என்று அறிக்கை வருகிறது, பணமும் பட்டினியும் வீண். வெளியூர்க்காரருக்குப் பிற்பகல் நேரம் ஒதுக்கினால் தீரும் பிரச்சினை இது.

ஆபத்தும் செலவும் உண்டே என்பது கடைசி வாதம். குடலில் ஓட்டை விழுவது ஆயிரத்துக்கு ஒன்று என்ற அளவிலோ அதற்குக் குறைவாகவோதான், ஆனால் பூஜ்யம் அல்ல. மயக்க மருந்து, ஒரு நாள் கூலி இழப்பு, துணைக்கு வருகிறவரின் கூலி இழப்பு எல்லாவற்றையும் சேர்க்க வேண்டும். நிலக்கோட்டையில் பூக்கட்டுகிற ஒருவருக்கு முகூர்த்த நாளில் கடையை விடுவது சிறிய விஷயமல்ல. அதனால்தான் குறைந்த ஆபத்துள்ளவரை ஆண்டுதோறும் வரச் சொல்வது கவனமான மருத்துவம்போலத் தோன்றினாலும் இரட்டைத் தவறாகிறது. அவரைத் தேவையின்றி அலைக்கழிக்கிறது. அரசு மருத்துவமனையின் வரிசையில் ஆண்டுதோறும் வந்தே ஆக வேண்டிய பித்தக்குழாய் நோயாளியைப் பின்னுக்குத் தள்ளுகிறது. குழாய்களும் கைகளும் குறைவாக உள்ள இடத்தில், சரியான ஆளுக்குச் சரியான இடைவெளி என்பது நீதி சம்பந்தப்பட்ட விஷயம். 2022 ஜனவரியில் திறக்கப்பட்ட பதினொரு புதிய அரசு மருத்துவக் கல்லூரிகளில் திண்டுக்கல்லும் ஒன்று. மாவட்டத்துக்குள்ளேயே கல்லூரி மருத்துவமனை அமைந்தது நல்லது. ஆனால் தூரம் குறைவதால் மட்டும் ஐந்து ஆண்டு கழித்து வர வேண்டியவர் நினைவு வைத்து வந்துவிட மாட்டார்.

நினைவு வைப்பதை இன்று முழுக்க நோயாளியின் தலையில் போட்டிருக்கிறோம். பழைய அறிக்கைகள் மஞ்சப்பையில் இருக்கும், பாதி எழுத்து அழிந்திருக்கும், மருத்துவர் மாறும்போது கதை மறுபடி முதலிலிருந்து தொடங்கும். சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் தமிழ்நாடு இதைவிட நன்றாகச் செய்திருக்கிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம், நோயாளியின் பெயரைப் பதிவேட்டில் எழுதி, நாள் வந்ததும் வாசலுக்கே மாத்திரையோடு போகிறது. கொலனோஸ்கோப்பியை வாசலுக்குக் கொண்டுபோக முடியாதுதான். உங்கள் ஆண்டு வந்துவிட்டது என்று சொல்லும் ஆளையும் பதிவேட்டையும் கொண்டுபோகலாம். அதற்கு முன்பே, செலவில்லாமல், இன்றைக்கே செய்யக்கூடியது ஒன்றுண்டு. ஒவ்வொரு அறிக்கையின் அடியிலும் நான்கு வரி எழுதுவது: நோய்க்குறி தொடங்கிய ஆண்டு, நோய் எட்டிய இடம், எந்த வரிசை ஏன் என்பது, கடைசியாக, அடுத்து வர வேண்டிய ஆண்டு. மருத்துவர் எழுத மறந்தால் எழுதித் தரும்படி கேட்பது நோயாளியின் உரிமை. அந்த வரிகள் இருந்தால் அடுத்த மருத்துவர் உடன்படவோ மறுக்கவோ ஒரு அடிப்படை இருக்கும். வீட்டில் எழும் கேள்விக்கும் விடை அங்கேயே இருக்கும். 2014-ல் முதல் ரத்தம் கண்டவரின் சீட்டில் தொடக்க ஆண்டு 2019 என்று இருந்தால், அவர் செய்ய வேண்டிய முதல் வேலை அதை அடித்துத் திருத்தச் சொல்வது. அவருடைய முதல் கண்காணிப்பு 2027-க்குக் காத்திருக்கத் தேவையில்லை. அது ஏற்கெனவே தாமதமாகிவிட்டது.